இஸ்திரி மேஜையில் ஒரு பார்

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீங்களும், உங்கள் காரும், உங்கள் அனுமதி இருந்தால் என் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். அக்காவுக்குப் போன் செய்தால் எப்போதும் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். "கூப்பிடறதுன்னா மரியாதையா எழுதிக் கூப்பிடு. எனக்குத் தமிழ் படிக்க வராது, உங்கக்கா படிச்சுக் காட்டுவா, கேட்டுட்டு யோசிக்கிறேன்" என்றீர்கள். எழுதிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்யாண நாள் விருந்து நம் வீட்டில்.

கல்யாணமான புதிதில் வந்தபோது அப்பா பிழிந்து கொடுத்த எலுமிச்சை ஜூஸை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்குக் குடுக்க இந்த வீட்ல வேற ஒண்ணும் இல்லையா?" என்று எழுந்து போனீர்கள். அக்காவும் உங்கள் பின்னாலேயே வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை. ஆகவே இந்தத் தடவை ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று வீட்டிலேயே பார் போட முடிவு செய்தேன்.

பார் எனக்குப் புதிதல்ல. லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற உச்சி மாடி வீடுகளில் பார்த்திருக்கிறேன். நான் சரிசெய்த லிஃப்டில் என்னையே ஏறவிடாமல் படியில் இறங்கிப் போகச் சொல்கிற கனவான்கள், பாட்டில்களுக்கு மட்டும் பின்னால் கண்ணாடியும் மேலே விளக்கும் வைத்து அழகு பார்க்கிறார்கள். கூட வேலை செய்கிறவன், ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம், அவன் திட்டம் போட்டுக் கொடுத்தான். "விஸ்கி ரெண்டு, பிராந்தி ஒண்ணு, கொஞ்சம் பீர், சோடா. ஐஸ் மட்டும் மலையாட்டம் வேணும்டா. பெரிய மனுஷங்க குடிக்கறதுல பாதி ஐஸ்தான்." சரி, பாட்டிலை எங்கே அடுக்குவது? அக்காவின் இஸ்திரி மேஜையை விரித்துப் போர்வையைப் போட்டேன். ஆடுகிற காலுக்கு அவள் மடித்துச் செருகிய அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், அதுல கறை படுத்தாத. அவ வந்தா துணி தேய்க்க வேணாமா?"

"வர்றவ துணி தேய்க்கவாப்பா வருவா?"

"மொதல்ல வரட்டும்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐஸ் வைக்க இடம் இல்லை. நம் ஃபிரிட்ஜில் ரெண்டு தண்ணீர் பாட்டில் வைத்தாலே கதவு சாத்தாது. ஸ்பேனர்தான் வாஷிங் மெஷினைக் காட்டினான். ஐஸைக் கொட்டு, பாட்டிலைச் செருகு, உருகின தண்ணி தானா குழாய்ல போயிடும். போன ஞாயிறு ஒத்திகை. ஐஸையும் பாட்டில்களையும் உள்ளே போட்டு, ஐஸ் சீக்கிரம் உருகாமலிருக்க என் யூனிஃபார்மை மேலே போர்த்திவிட்டு கிளாஸ் வாங்கப் போனேன். அப்பா மூடியைத் திறந்திருக்கிறார், சட்டை தெரிந்திருக்கிறது, பாவம் புள்ள மறந்துட்டான்னு சோப்புத் தூளை அள்ளிப் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டார். நான் வந்தா கூடத்துல முழங்கால் அளவு நுரை, ஒரே விஸ்கி வாசனை, பக்கத்து வீட்டம்மா வாசல்ல நின்னு "விசேஷமா, கலவரமா?"ன்னு கேக்கறாங்க, அப்பா ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு "உன் சட்டை ஏண்டா இந்தச் சத்தம் போடுது?"ன்னு என்னையே கேக்கறார். அந்தச் சட்டையை எத்தனை அலசு அலசியும் நாத்தம் போகல. திங்கட்கிழமை உச்சி மாடிக்காரர், கையில் கிளாஸோடு வந்து என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, "குடிச்சுட்டு வேலைக்கு வந்திருக்கான்" என்று கம்பெனிக்குப் புகார் சொன்னார். ஒரு சொட்டும் குடிக்காத என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஐஸைக் கலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம் அத்தான். எல்லாம் புதிதாக வாங்கியாயிற்று. குடும்பத்தோடு வந்து எங்களைக் கௌரவிக்க வேண்டும். அப்பா உங்களுக்குத் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னார். அக்காவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன், எழுந்து மேஜைப் பக்கம் போய்விட்டார்.

என்றும் பணிவுள்ள,
மைத்துனன்

பி.கு.: அக்கா, இதைச் சத்தமாகப் படிக்காதே. வெறும் கையெழுத்துதான் என்று சொல்லிவிடு. மேலே நான் குத்தலாக எழுதியதையும் நீ விட்டுவிட்டுத்தான் படித்திருப்பாய். பார் எல்லாம் கிடையாது, திரும்ப எதையும் வாங்கவில்லை. அப்பா போர்வையை எடுத்துவிட்டு உன் மேஜையைப் பழையபடி ஜன்னலோரம் விரித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அத்தானும் வேண்டாம். நீ மட்டும் வா. சாவியை இன்னும் மீட்டர் பெட்டிக்குப் பின்னால்தான் வைக்கிறோம்.