வேலுக்குக் கன்னம் வளர்த்த கதை

முகத்தில் எதையாவது ஊசியால் ஏற்றிக்கொள்ள நினைப்பவருக்கு விதி தெளிவானது. போடுபவர் மருத்துவராக இருக்க வேண்டும். போடப்படுவது என்னவென்று போடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முக்கியமான நாள் ஏதாவது நெருங்கிக்கொண்டிருந்தால் போடவே கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கும் ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் உரிமப் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்து, ஒரு புகைப்படம் குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். சுவரில் உரிமம் மாட்டாத முடிதிருத்தும் கடையில் இன்றுவரை தலையைக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட நான், சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீட்டின் பின்னறையில், துணி காயும் கம்பிக்குக் கீழே மல்லாந்து படுத்து, பெயர் தெரியாத ஒன்றை இரண்டு கன்னத்திலும் ஏற்றிக்கொண்டேன்.

எல்லாம் பக்தியால் வந்தது. (வீண் பெருமையால் என்பாள் என் மனைவி லோகா. இரண்டும் கலந்தது என்று பதிவு செய்துகொள்ளலாம்.)

அந்த ஆண்டு ஆடி மாதம் லோகாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அவளை உள்ளே கொண்டுபோனதும் வெளியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். படிப்பதற்குச் சுவரில் ஓர் அறிவிப்புகூட இல்லை. அறிவிப்பு இல்லாத சுவர் என்னைப் போன்ற ஆளை என்ன பாடுபடுத்தும் என்பது உங்களுக்குத் தெரியாது. கதவு திறப்பதற்குள் வேண்டிக்கொண்டுவிட்டேன்: இவள் நடந்து வெளியே வந்தால், தைப்பூசத்தன்று கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படியேறுகிறேன்.

பல வருடம் தைப்பூசக் கூட்டத்தில் தொண்டராக நின்று, "நிக்காதீங்க, நகருங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேனே தவிர, நான் வேல் குத்தியது கிடையாது. ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற ரகம்.

லோகா பிழைத்து வந்தாள். அவளுக்கு உடம்பு தேறத் தேற எனக்கு இளைத்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவமனை வாசலில் ஒரு தாதி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, லோகாவைத் தாண்டி என் முன்னால் நிறுத்தினாள்.

ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சேகர்தான் எங்கள் வட்டாரத்தில் வேல் குத்திவிடுபவர். கார்த்திகை மாதம் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தை டயரைப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, கன்னம் எங்க? ரெண்டு பக்கமும் பள்ளமா இருக்கு. வேல் பிடிச்சு நிக்க ஒண்ணுமே இல்லையே. கொஞ்சம் சதை போட்டுட்டு வாங்க லா."

சொல்லிவிட்டு அவர் ஒரு செயினை மாட்டப் போய்விட்டார். நான் அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். விண்ணப்பதாரரிடம் கன்னம் போதவில்லை. நிறைவு செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும். ஆனால் விரதம் தொடங்கப்போகிறது. ஒருவேளை சாப்பாட்டில் யாருக்குக் கன்னம் வளரும்? கைப்பேசியில் தேடினேன். குழி விழுந்த கன்னத்தை அரை மணி நேரத்தில் நிரப்பித் தருவதாக ஷர்மி என்ற பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊசி பயத்துக்கும் இது ஓர் ஒத்திகையாக இருக்கும் என்று எனக்கு நானே விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டேன்.

"இது என்ன மருந்தும்மா?" என்று படுத்தபடியே கேட்டேன்.

"கொரியா, அங்கிள்."

நான் மருந்தின் பெயரைக் கேட்டேன். அவள் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னாள். நான் திருப்தியடைந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் பொற்காலம். கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் நின்று மரியாதை செய்தேன். "விரதம் இருந்தும் முகத்துல ஒரு களை வந்திருக்கே" என்றாள் லோகா. "முருகன் அருள்" என்றேன். மார்கழி முடியப்போகும்போது இடது கன்னத்தில் ஒரு நெல்லிக்காய் முளைத்தது. தொட்டால் சூடு. இரண்டு நாளில் சிவந்து, எலுமிச்சையாகப் பதவி உயர்வு பெற்றது.

ஷர்மிக்கு வாட்சாப்பில் எழுதினேன். "மேற்கண்ட விவகாரம் தொடர்பாக" என்று தொடங்கி, பத்திகளுக்கு எண் கொடுத்து, ஏற்றப்பட்ட பொருளின் பெயர், வகை, அதை அகற்றும் முறை ஆகியவற்றை உடனடியாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. மறுநாள் நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் நீலக் குறிகள்.

லோகாவிடம் கடவாய்ப் பல் என்று சொல்லியிருந்தேன். கிராம்பு கொடுத்தாள். உப்புத் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை பசியாறும்போது எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பல்லு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"அப்ப வலது கன்னம் ஏன் உப்பியிருக்கு? பல்லு வலிக்கு ஒரு பக்கம்தானே வீங்கும்? உங்களுக்கு ரெண்டு பக்கமும் இளமையால்ல வீங்குது?"

ஓய்வு பெற்ற அதிகாரிகள் விசாரணையில் தாக்குப்பிடிப்பதில்லை. தோசை ஆறுவதற்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். மாரில் தையல் போட்டவள் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குத்தான் பதறியது. சிரித்து முடித்ததும் கார்ச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "கிளம்புங்க. இந்தத் தடவை நிஜ டாக்டர்."

டாக்டர் யாழினிக்கு எங்கள் மகன் வயதுகூட இருக்காது. விளக்கை என் கன்னத்துக்கு நேராகத் திருப்பினார்.

"ஊசி போட்டதுலேர்ந்து எப்பவாவது தோல் வெளுத்துச்சா? வலை மாதிரி நீலமா கோடு? தாங்க முடியாத வலி? கண்ணு மங்கலா?"

"எதுவும் இல்லை."

"நல்ல வேளை. அப்படி ஏதாவது இருந்தா ரத்தக் குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம். அந்த நிமிஷமே ஓடி வந்திருக்கணும். நாளைக்குப் பாக்கலாம்னு தூங்கப் போறது கூடாது. இது வேற. சூடா, சிவப்பா இருக்கு. கிருமி புகுந்திருக்கு. முதல்ல மாத்திரை. நல்லா அடங்கின பிறகுதான் உள்ள ஏத்தினதைக் கரைக்கிற ஊசி."

"இன்றைக்கே கரைத்துவிடுங்களேன்."

"இப்பவே கரைச்சா கிருமி கன்னம் பூரா பரவலாம் அங்கிள். சரி, என்ன ஏத்தினாங்க?"

"கொரியா" என்றேன். லோகா கூரையைப் பார்த்தாள்.

கன்னத்தை நிரப்பும் ஃபில்லர்களில் எல்லா வகையும் கரைந்துவிடாது என்றும், கரையாத வகையாக இருந்தால் பாதை வேறு என்றும் டாக்டர் விளக்கினார். ஸ்கேன் கருவியைக் கன்னத்தில் ஓட்டிப் பார்த்தார். "கரையற ஜெல் மாதிரிதான் தெரியுது. நிச்சயமா சொல்ல முடியாது. அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?"

பெருமையுடன் என் வாட்சாப்பைக் காட்டினேன். டாக்டர் கடைசிப் பத்திவரை பொறுமையாகப் படித்தார்.

"அங்கிள், இப்படி வந்தா நானும் பதில் போட மாட்டேன்."

பிறகு, கரைக்கும் ஊசிக்காக, தேனீ கொட்டினால் எனக்கு அளவுக்கு மீறி வீங்குமா என்று கேட்டார். (அந்த மருந்துக்கும் தேனீயின் விஷத்துக்கும் ஏதோ உறவாம்.) இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். நான் வந்த காரியத்தைக் கேட்டேன்.

"அப்படியானால் வேல் எப்போது குத்தலாம்?"

பேனா நின்றது. "என்ன குத்தணும்?"

"வேல், டாக்டர்" என்றாள் லோகா. "கன்னத்துல. அதுக்குத்தான் சதை வளர்த்தாரு."

டாக்டர் சட்டென்று பின்பக்கம் திரும்பி அலமாரியில் எதையோ தேடினார். அலமாரி காலியாக இருந்தது. திரும்பும்போது முகம் சீராகியிருந்தது, கண் மட்டும் ஈரம். "கிருமி அடங்கணும், கரைக்கணும், அந்த இடம் ஆறணும். இந்தத் தைப்பூசம் முடியாது அங்கிள். இது டெண்டர் இல்ல, தேதி போட்டு முடிச்சுக் கொடுக்கறதுக்கு."

காருக்குள் உட்கார்ந்தும் சாவியைத் திருகவில்லை. இதுவரை வேடிக்கையாகத்தான் எழுதிவிட்டேன். அன்று எனக்கு வேடிக்கையாக இல்லை. முருகனிடம் இவள் உயிரைக் கேட்டேன், கொடுத்தார். என் பங்கைக் கொடுக்க முடியவில்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அதுதான் பயம்.

"என்னங்க?" என்றாள்.

"ஒன்றுமில்லை."

"ஒண்ணுமில்லைக்கு யாரும் ஸ்டியரிங்கை இப்படிப் பிடிக்க மாட்டாங்க." என் கையைப் பிரித்து எடுத்துத் தன் நெஞ்சில், தையல் போட்ட இடத்தின்மேல் வைத்துக்கொண்டாள். "ஓடுதா?"

"ஓடுகிறது."

"அப்புறம் என்ன? கொடுத்ததை அவரு திருப்பி வாங்கவா போறாரு? பாசார் மாலாம்ல ராத்திரிக் கடை போடறவங்க வந்து அழுதா நீங்க தவணை நீட்டிச்சுக் கொடுத்ததில்லை?"

"கொடுத்திருக்கிறேன்."

"உங்களுக்கே அவ்வளவு இரக்கம் இருந்தா, முருகனுக்கு இருக்காதா?"

நான் எத்தனையோ மேல்முறையீடுகளைக் கேட்டிருக்கிறேன். இதைவிடக் கச்சிதமான வாதத்தைக் கேட்டதில்லை.

அந்தத் தைப்பூசத்துக்கு, வீங்கிய கன்னத்தில் மருத்துவர் அனுமதித்த அளவுக்கு மட்டும் விபூதி பூசிக்கொண்டு பால்குடம் எடுத்தேன். லோகா கீழேயே இருப்பதாகத்தான் பேச்சு. இருக்கவில்லை. அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்திலெல்லாம் நானும் குடத்தோடு உட்கார்ந்தேன். "ஐயா, நிக்காதீங்க, நகருங்க!" என்று ஒரு தொண்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். குரல் சரியில்லை. நான் இன்னும் நன்றாகக் கத்துவேன்.

கிருமி அடங்கியபின் டாக்டர் கொஞ்சமாக மருந்து செலுத்திப் பார்த்தார். கரைந்தது. பிறகு மிச்சத்தையும் இரண்டு பக்கமும் கரைத்தார். என் பழைய பள்ளங்கள் பணிக்குத் திரும்பின. வீட்டுக்கு வந்ததும் லோகா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இப்பதான் என் வீட்டுக்காரர் மாதிரி இருக்கீங்க. நடுவுல யாரோ வந்து தங்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

டாக்டர் கேட்ட கேள்விகள் மட்டும் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. குழாய் ஒழுகுகிறது என்று நான் பதறினால், "வெளுத்துச்சா? கண்ணு மங்குதா? இல்லைல, பொறுங்க" என்கிறாள். கோலாலம்பூரிலிருக்கும் மகன் அலுவலகத்தில் சண்டை என்று தொலைபேசியில் குமுறினால், "சூடா இருக்கா? அப்ப முதல்ல அடங்கட்டும், அப்புறம் கரைக்கலாம்" என்று சொல்லிவிடுகிறாள். அரிசி எங்கே வாங்கினாய் என்று கேட்டால்கூட "கொரியா" என்றுதான் பதில்.

மறு ஆண்டுத் தைப்பூசத்தன்று விடியற்காலை சேகரிடம் கன்னத்தை நீட்டினேன். அதே பள்ளம். அவர் விபூதியை அப்பி, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்துவிட்டார். அசையாமல் நின்றது.

"இருக்கற கன்னம் போதும் அண்ணே" என்றார். "போன தடவை நான் சும்மா சொன்னேன்லா."

பதில் சொல்ல வாய் இல்லை. புறப்படப்போகும் நேரத்தில், லோகாவின் கைப்பையில் என் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வேலோடு அவள் பக்கம் இரண்டடி வைத்தேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. என் காதருகே வந்து படித்தாள்:

"சாரி லா அங்கிள், இப்பதான் மெசேஜ் பாத்தேன். அது கரையற டைப்தான், டோன்ட் வொரி. இப்ப ஆஃபர் ஓடுது, ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க!"

வேல் குத்தியவன் சிரிக்கக் கூடாது. அந்த ஒரு விதியையாவது காப்பாற்றினேன். அடக்கிய சிரிப்பெல்லாம் கண்ணீராகக் கொட்டியது, உடம்பு குலுங்கியது. எனக்கு அருள் வந்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் "வேல்! வேல்!" என்று முழங்கினார்கள். லோகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

பதில் கிடைக்கப்பெற்ற நாள்: தைப்பூசம், மறு ஆண்டு.