கவர் பிரிக்காத மானிட்டர்

காசு கொடுத்து வாங்கிய பொருளை ஒரு நாள்கூட உள்ளபடி கண்ணால் பார்க்காமல் ஆறு வருஷம் தொழில் நடத்திய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் இண்டூர்க்காரர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் கவரண்ணன். அவரால் எனக்குக் கல்யாணமே ஆகாமல் போயிருக்க வேண்டியது. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எதை வாங்கினாலும் மேலே ஒட்டி வரும் பிளாஸ்டிக் கவரை அவர் பிரிக்க மாட்டார். ஸ்கூட்டர் சீட்டில் கவர், மீட்டரில் கவர், சுவர்க் கடிகாரத்தில் கவர். மூக்குக் கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் இடது கண்ணோரம் அப்படியே இருக்கும். எடுத்துவிடச் சொன்னால், "அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்குது, உன்ன என்ன பண்ணுது?" என்பார். கல்யாணச் சீராக வந்த சோபாவில் உட்கார்ந்தால் இன்றைக்கும் சரசரவென்று சத்தம் கேட்கும். அவர் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், கல்யாண பயோடேட்டா எல்லாம் அங்கேதான். பழைய டப்பா மானிட்டர் ஒருநாள் புகைந்து போனதும், தர்மபுரிக்குப் போய், கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த தட்டை மானிட்டர் ஒன்றை வாங்கினார். டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும், "டிரைவரே, பாத்துங்க, கைக்கொழந்த இருக்குது" என்று கத்திக்கொண்டே வந்தாராம். ஒரு பெண்மணி எழுந்து ஜன்னலோர சீட்டை வேறு கொடுத்திருக்கிறார்.

அந்த மானிட்டரின் திரைமேல் கண்ணாடி மாதிரி ஒரு கவர். பிரிக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? பிரித்தால் புதுசு போய்விடுமாம்.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. ஆயுத பூஜைக்கு மற்ற கடைக்காரர்கள் மானிட்டர் ஓரத்தில் பயந்து பயந்து ஒரு பொட்டு வைப்பார்கள். இவருக்குத்தான் கவர் இருக்கிறதே! மஞ்சளையும் சந்தனத்தையும் குழைத்து, திரையின் நடுவில் பெரிய பட்டையாகவே போடுவார். மறுநாள் ஈரத் துணியால் துடைப்பார். துடைக்கிறபோது அது திரை முழுக்கப் பரவும். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணிப் புகை வேறு. ஆறு வருஷத்தில் அந்தக் கவர் நல்ல விரலி மஞ்சள் நிறத்துக்கு வந்துவிட்டது. தினமும் பார்க்கிற அவருக்கு அது தெரியவில்லை. மெல்ல மெல்லத்தானே ஏறியது!

போட்டோ எடுக்கப் போனால் நம் வெள்ளைச் சட்டை திரையில் மஞ்சளாகத் தெரியும். "லைட்டு சரியில்ல, கொஞ்சம் ப்ளூ ஏத்துனா செட்டாயிடும்" என்று ஏற்றுவார். சட்டை வெள்ளையாகும்வரை ஏற்றுவார். திரையில் பார்த்தால் எல்லாம் கச்சிதம். பிரிண்டில் வந்தால் ஆள் நீலம்.

யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"ஸ்கிரீன்ல பாருங்க. சட்ட வெள்ளையா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்ன? பேப்பருதான் தப்பு."

மாரியம்மன் திருவிழா பேனரில் நன்கொடையாளர்கள் பன்னிரண்டு பேரும் நீலமாகக் கைகூப்பி நின்றார்கள். சாமி பேனர் என்பதால் அப்படித்தான் டிசைன் போலிருக்கிறது என்று ஊர் நினைத்தது. அதில் ஒருவர், "என்னய கிருஷ்ணரு மாதிரியே பண்ணிப்புட்டாப்புல" என்று கூடுதலாக ஒரு பேனருக்கே சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எங்கள் பக்கத்தில் பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று பையனைப் பெற்றவர்களைக் கேளுங்கள். நான் தர்மபுரியில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடையில் வேலை பார்த்தேன். அம்மா என் ஜாதகத்தைக் கவரண்ணனிடம் கொடுத்து, போட்டோ எடுத்து பயோடேட்டா அடிக்கச் சொன்னார். அவரும் என்னை உட்காரவைத்து, தலை சீவிவிட்டு, அக்கறையாகத்தான் எடுத்தார். திரையில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. போனில் பார்த்தபோது கொஞ்சம் நீலம் தட்டியது. என் போன் டிஸ்ப்ளே ஏற்கெனவே ஒருமுறை உடைந்து மாற்றியது. அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு, பெண் வீடுகளுக்கு அந்தப் போட்டோவையே அனுப்பினேன்.

இரண்டு வருஷம். பதினோரு இடம். எல்லா இடத்திலும் ஒரே பதில், ஜாதகம் பொருந்தவில்லை. அம்மா வேண்டாத கோயில் இல்லை. தீர்த்தமலைக்கு மட்டும் மூன்று முறை ஏறினார். நான் வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தேனே தவிர, உள்ளுக்குள் செத்துச் சுண்ணாம்பாகிக் கிடந்தேன்.

பன்னிரண்டாவது இடம் அரூர்ப் பக்கம். பெண் பெயர் சத்யா, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் மத்தியானம் அவளே போன் செய்தாள்.

"கல்யாண விஷயமா கூப்புடலீங்க. ஒரு மனசாட்சிக்காகக் கேக்கறேன். மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லீங்களே."

"ஒதடு, நகமெல்லாம் எத்தன நாளா நீலமா இருக்குது?"

"எனக்குங்களா?"

"போட்டோவுல பாத்தேங்க. ஒடம்புல ஆக்சிஜன் கம்மியானாதான் அப்படி ஆவும். வூட்ல மறைக்கறாங்களா, இல்ல ஒங்களுக்கே தெரியாதா? நாளைக்கே வந்து நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுங்க."

அவ்வளவுதான். அதுவரை நன்றாக இருந்த எனக்கு உடனே மூச்சு வாங்கியது. விஷயம் தெரிந்து அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டார். மறுநாள் அரூருக்கு ஓடினேன். சத்யா என் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப் ஒன்றை மாட்டினாள். தொண்ணூற்றொன்பது. கழற்றி வேறு விரலில் மாட்டினாள். அதிலும் தொண்ணூற்றொன்பது. என் முகத்தைப் பார்த்தாள், போனில் இருந்த போட்டோவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நேர்ல நல்லாத்தான இருக்கீங்க? இந்தப் போட்டோவ எந்தப் புண்ணியவான் எடுத்தது?"

சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம அப்பாவக் கூட்டிட்டு வரேன். வூட்ட அப்பறம் பாத்துக்கறோம். மொதல்ல அந்தக் கடைய காட்டுங்க."

சொன்னபடியே வந்தாள். கவரண்ணன் வழக்கம்போல என் போட்டோவைத் திறந்து, "பாரும்மா, சட்ட வெள்ளையா இருக்குதா?" என்று ஆரம்பித்தார். சத்யா திரையைப் பார்க்கவில்லை, திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

"இது என்னங்கண்ணா, மேல மஞ்சளா?"

"கவரும்மா. பிரிக்கல."

"பிரிச்சா?"

"புதுசு போயிடு..."

அவர் முடிக்கவில்லை. சத்யா நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, புண்ணுக்குப் போட்ட பிளாஸ்திரியைப் பிரிக்கிற மாதிரி, ஒரே இழுப்பு. சர்ரென்று வந்துவிட்டது.

திரையில் நான் இருந்தேன், முக்கால்வாசி நீலமாக. சத்யாவின் அப்பா என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப மாப்புள்ள நல்லாத்தான் இருக்காப்புல!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் மாப்பிள்ளை என்று சொன்னது என் காதில் தேனாகப் பாய்ந்தது. ஆனால் கவரண்ணன் சிரிக்கவில்லை. "இவ்ளோ நல்லா தெரியுமா இது?" என்று திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பால்காரர் நீலம், போஸ்ட்மேன் நீலம், சொந்த மகளின் பிறந்தநாள் போட்டோவும் நீலம். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அடுத்த ஒரு மாதம் அவர் ஊரில் வீடு வீடாகப் போனார். எல்லோர் போட்டோவையும் சரிசெய்து, பைசா வாங்காமல், கையில் கொடுத்துவிட்டு வந்தார். முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அம்மா, உங்க பையனுக்கு ரெண்டு வருஷம் என்னாலதான் போச்சுங்க. பதினோரு எடம். திட்டறதுன்னா திட்டிப்புடுங்க, நான் நிக்கறேன்."

அம்மாவிடம் திட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தால் எப்படி வாய் வரும்? காப்பி போடப் போய்விட்டார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். போட்டோ ஒழுங்காக இருந்திருந்தால் முதல் இடத்திலேயே முடிந்திருக்கும். நானும் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன். சத்யா என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல் ஆயுசு முடிந்திருக்கும்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் தெருவில் பார்த்தால் கவரண்ணன் ஸ்கூட்டரை நிறுத்தி, "ரெண்டு வருஷத்த தின்னுட்டனே தம்பி" என்று ஆரம்பித்துவிடுவார்.

"நீங்களே வெச்சுக்குங்கண்ணா" என்பேன்.

நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார். இல்லை. இன்னும் இரண்டு வருஷம் கேட்டாலும் அந்த மனுஷனுக்குக் கொடுப்பேன்.