ஒன்பதாம் கட்டம்

படிவத்தின் ஒன்பதாம் கட்டம் காலியாக இருந்தது. 'நிறுவனப் பங்குகளின் கடைசி உரிமையாளர் எந்த மனிதர்? எந்த நாட்டவர்?'

நான்கு மணிக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால், வாக்குப்பதிவு இயந்திர ஆர்டர் கைவிட்டுப் போகும். தொழிற்சாலையைப் பூட்ட வேண்டியதுதான். அலுவலக எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. எந்தப் படிவத்தையும் அடிக்குறிப்பு வரை படிப்பவர் என்பதால் அவருக்குப் 'படிவம்' என்றே பெயர்.

நூற்றில் எண்பது பங்கு உள்ளூர்க்காரரான முதலாளியுடையது. மீதி இருபது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரில் இருந்தது.

"அந்தக் கம்பெனி பேரையே எழுதிடுய்யா," என்றார் புதிதாக வந்திருந்த மேலாளர்.

"கம்பெனி வெறும் பெட்டி சார். பெட்டிக்குள்ள பெட்டி இருக்கலாம். கடைசிப் பெட்டியைத் திறந்தா ஒரு ஆள் இருக்கணும். ஓட்டு எண்ணுற மெஷினாச்சே, அந்த ஆள் யாரு, வெளிநாட்டுக்காரனான்னு கேக்கத்தானே செய்வாங்க?"

படிவம் தொலைபேசியை எடுத்தார். அந்தக் கம்பெனிக்குப் பின்னால் வேறொரு நாட்டில் இன்னொரு கம்பெனி. அங்கே கேட்டால் மூன்றாவது நாட்டைக் கைகாட்டினார்கள். மூன்று மணிக்குள் நான்கு நாடுகள் சேர்ந்து, எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறியது.

மேலாளர் தலையில் கைவைத்தார். "ஒரு நாடுன்னா எப்படியாவது பேசிப் பாத்திருக்கலாம். நீ உலகப் படத்தையே கொண்டுவந்து நிறுத்தியிருக்க."

"இன்னும் ஒரே ஒரு போன் சார்."

நான்காம் நாட்டுப் பெண் தொலைபேசி ஒலிபெருக்கியில் பொறுமையாகச் சொன்னார்: "நாங்கள் முதலீட்டைக் கவனிப்பவர்கள்தான். உரிமை முழுவதும் நீலக்கதவு நிதியுடையது."

"நீலக்கதவா? உளவுக்கூட்டம் மாதிரியில்ல இருக்கு," மேலாளர் நாற்காலியில் சரிந்தார். "போச்சு."

அப்போது இயந்திரங்களுக்கு முத்திரை ஒட்டும் அக்கா பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். "பெட்டியெல்லாம் தயார். ஒட்டிடலாமா?"

"ஒட்டாதீங்க அக்கா," என்றார் படிவம். "நீலக்கதவுன்னு எவனோ வெளிநாட்டுக்காரன் நம்ம கம்பெனிக்குள்ள புகுந்துட்டான்."

அக்கா, தான் வந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். நீலச்சாயம் உரிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கதவுகிட்ட நின்னு நம்ம தொழிலாளருக்காக நாங்க ஆரம்பிச்ச ஓய்வூதிய நிதிதான் அது. வெளியில முதலீடு போட்ட நம்ம பணம் உலகமெல்லாம் சுத்தி இங்கயே வந்திருக்கு. நம்ம மெஷின்லயே ஓட்டுப் போட்டு என்னை அதுக்குத் தலைவியாக்கினாங்க. நீங்க மட்டும் வரல, ஏதோ படிவம் படிச்சிட்டிருந்தீங்க."

"எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மாசாமாசம் நிதிக்குப் பிடிக்கிறாங்களே, சம்பளச் சீட்டுல அந்தக் கடைசி வரியைப் படிச்சதே இல்லையா? ஒன்பதாம் கட்டத்துல முதல்ல உங்க பேரை எழுதுங்க, மத்த எழுபத்தொரு பேரை நான் சொல்றேன். எல்லாரும் உள்ளூர்தான்."