உனக்கு ஒரு புது அக்கா கிடைத்த விவரம்

சிரஞ்சீவி மைத்துனனுக்கு அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் மகளும் மாப்பிள்ளையும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நலமாக இருக்கிறோம். அரசாங்கம்தான் நலமாக இல்லை. அங்கு நீயும் உன் குடும்பமும் அரசாங்கமும் நலமென்று நம்புகிறேன்.

நாங்கள் புறப்படுவதற்கு முன் பதினைந்து நாட்களாக நான் தொலைக்காட்சியில் இந்த ஊர்த் தெருக்களையே பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். டயர் எரிகிற ஒவ்வொரு மூலையிலும் நம் பெண் நிற்கிறாளா என்று தேடித் தேடிக் கண் பூத்துப்போயிற்று. "பல் ஆஸ்பத்திரிக்குத் தினமும் வேலைக்குப் போய்ட்டுத்தான் வர்றேன்ப்பா, எனக்கு ஒண்ணுமில்லை" என்று அவள் போனில் சொன்னதை நான் நம்பவில்லை. போன கையோடு அவளை அழைத்து வந்துவிடுவதென்று முடிவு கட்டினேன். உன் அக்கா பெட்டியில் துணி அடுக்கினாள். நான் பக்கத்து அறையில் உயில் எழுதினேன். யாராவது மறித்தால் சொல்லலாமென்று, இந்நாட்டு அதிபரைப் புகழ்ந்து நாலு வாக்கியம் இவர்கள் பாஷையிலேயே மனப்பாடமும் செய்துகொண்டேன்.

விமானம் ஏறும்போது அதிபர் இருந்தார். இறங்கும்போது இல்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட் பார்க்கிறவரிடம் முதல் வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினார். சுவரில் இரண்டு பேர் ஸ்டூல் போட்டு ஏறி, அதிபர் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பாவம் அந்த மனுஷன், கையிலிருந்த முத்திரை இன்னும் செல்லுமா என்று கேட்க மூன்று இடத்துக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு குத்திக் கொடுத்தார். உன் அக்கா அவரிடம், "நல்லா இருப்பா"ன்னு சொல்லிட்டு வர்றா, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி.

வெளியே மாப்பிள்ளை யூனிபார்மோடு நின்றார். "டாக்ஸி ஒண்ணும் ஓடலை மாமா. நான் டியூட்டில இருக்கேன், என் பஸ்லயே வந்துடுங்க"ன்னார். இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ இந்த வரனைக் கொண்டுவந்தபோது, "பஸ் ஓட்டுறவனுக்கா என் பொண்ணு?" என்று குதித்தவன் நான். கல்யாணம் முடிந்தும் ரெண்டு வருஷம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனுஷன் பஸ் ஓட்டுவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

பாலத்துக்கிட்ட டயர் எரியுது, வழி முழுக்க ஜனம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ராணுவம். பஸ்ஸுக்குள்ள நாப்பது பேர், மூச்சு விடுற சத்தம் கேக்குது. மாப்பிள்ளை நிதானமா ஹேண்ட்பிரேக் போட்டார், சாவியைப் பையில போட்டார், இறங்கினார். "இறங்காதீங்க மாப்பிள்ளை!"ன்னு நான் அவர் சட்டையைப் பிடிச்சேன். "பதினோரு வருஷமா இதே ரூட்டு மாமா. அங்கே நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் தினம் என் பஸ்ல வர்றவங்க"ன்னு என் விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டார். போய் என்ன பேசினாரோ, அவங்களே டயரைக் கம்பியால ஓரமா இழுத்துப் போட்டாங்க. அதோட கையில கட்டுப் போட்டிருந்த ஒரு அம்மாவையும் ஏத்திவிட்டாங்க. கல்லூரியில ரசாயனம் சொல்லிக் கொடுக்கிறவங்களாம். கழுத்துல மைக் தொங்குது. அத்தனை நாளும் கூட்டத்துல பேசினது அவங்கதான், ராணுவம் தேடுறதும் அவங்களைத்தான். "கைக்குத் தையல் போடணும், ஆஸ்பத்திரி ஸ்டாப்ல இறங்குவாங்க"ன்னு சொல்லி மாப்பிள்ளை டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தார், அவ்வளவுதான். அவங்க நேரா வந்து உன் அக்கா பக்கத்துல உக்காந்தாங்க. எனக்கு உயில்ல கையெழுத்துப் போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்துடுச்சு.

பாலத்தைத் தாண்டினதும் ஒரு ராணுவ அதிகாரி ஏறினான். உன் அக்கா என்ன செஞ்சா தெரியுமா? மைக்கைக் கழட்டி என் கைப்பைக்குள்ள திணிச்சா, தன் சால்வையை அந்தம்மா தலையோட போர்த்தினா, பிளாஸ்டிக் கவரை வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டு, "சொன்னா கேக்குறியாடி? பஸ்ஸே ஒத்துக்காதுன்னு தெரியுமில்ல!"ன்னு தமிழ்ல திட்ட ஆரம்பிச்சா. அதிகாரி என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். "உங்க வீட்டுக்காரம்மாவோட தங்கச்சியான்னு கேக்குறார் மாமா"ன்னார் மாப்பிள்ளை. முப்பத்துநாலு வருஷம் 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்ட கை இது. பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனா பயத்துல தலை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, மேலும் கீழுமா. அதிகாரி அதை 'ஆமாம்'னு எடுத்துக்கிட்டான்! மாப்பிள்ளைகிட்ட ஏதோ சொல்லிட்டு இறங்கிட்டான். "பத்திரமா போகச் சொல்றார்"ன்னார் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி ஸ்டாப்ல இறங்கும்போது அந்தம்மா உன் அக்காவோட கையைப் பிடிச்சுக்கிட்டு விடலை. ஆகவே, உனக்கு இன்னொரு அக்கா கிடைச்சிருக்கா, வாழ்த்துகள்.

வீடு சேர்ந்ததும் மகளிடம், "எங்ககூட வந்துடும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பினார். அவள் வாசல்வரை போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு வந்தாள். முகத்தில் பயம் இருந்தது, அதைவிடப் பெருமை அதிகம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். உன்னிடம் இரண்டு வருடம் பேசாததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்க மாட்டேன், எனவே இதையே வைத்துக்கொள். எனினும் அதிகாரியை ஏமாற்றியவன் இந்த அத்தான்தான் என்பதை உன் பிள்ளைகளிடம் மட்டுமாவது சொல்.

உன் இல்லத்தில் எல்லோருக்கும் எங்கள் அன்பும், சின்னவர்களுக்கு ஆசியும். நீங்களும் உங்கள் அரசாங்கமும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். அந்த அதிகாரி சொன்னது, 'பத்திரமா போங்க' இல்லையாம். "அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியும், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, அந்தப் பெரியவரைத் தலையாட்டுறதை நிறுத்தச் சொல்லு, கழுத்து சுளுக்கிக்கப்போகுது" என்றானாம். ஆகவே பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மேலே அவரை 'அவன் இவன்' என்று எழுதிய இடத்தையெல்லாம் 'அவர்' என்று திருத்தி வாசித்துக்கொள். "அப்போ அவர் எந்தப் பக்கம் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "தெரியலை மாமா. வீட்டுக்குப் போறப்போ நம்ம பஸ்லதான் வருவார். கேட்டுச் சொல்றேன்" என்கிறார்.