எம்.எல்.ஏ. பார்த்துப் பாராட்டிய கழிப்பறை

திருப்பூர்

மதிப்பிற்குரிய வெள்ளியங்கிரி சித்தப்பாவுக்கு, சித்ராதேவி வணக்கத்தோடு எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடம் போதாது.

எங்கள் பகுதி அரசுப் பள்ளிக்கு உங்கள் கட்சி எம்.எல்.ஏ.வை அழைத்துவந்தீர்கள். பெண் பிள்ளைகளுக்கு அங்கே இருப்பது ஒரே கழிப்பறை, அதற்கும் கதவு கிடையாது, குழாயில் தண்ணீர் வராது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் தேஜஸ்ரீ காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே கொண்டுவருகிறாள். இதை அவர் கண்ணால் பார்த்தால் புதிய கழிப்பறைக்கு நிதி ஒதுக்குவார் என்றீர்கள். உங்கள் பக்கம் பிழையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அத்தனை பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள், அதுதான் பிழை. பெரிய ஆள் யாராவது பார்வையிட வருகிறார் என்றால் எங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான்: ஆடிட், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்பித் தொழிலாளர் வசதியைச் சோதிக்கும் நாள். இருப்பதை அப்படியே காட்டிவிடலாமே என்று தலைமையாசிரியை ஜெயசுதா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தையல் சூப்பர்வைசர் பொன்னுச்சாமிக்கு அது காதிலேயே விழவில்லை; முந்தின நாளே சுண்ணாம்பு அடித்து, கம்பெனியிலிருந்து ஒரு கதவைக் கொண்டுவந்து மாட்டி, லாரித் தண்ணீர் இறக்கி, சோப்பு, துண்டு, கண்ணாடி எல்லாம் வைத்துவிட்டார். நானும் கம்பெனியில் ஆடிட் வேலை பார்ப்பவள், கை சும்மா இருக்கவில்லை. கைகளைக் கழுவவும் என்று மூன்று மொழிகளில் ஒட்டினேன். பிறகு பொன்னுச்சாமி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யார் என்ன கேட்டாலும் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லிக்கொடுத்தார்.

எம்.எல்.ஏ. வந்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், என் மகளிடமே கேட்டார்.

"ஏங் கண்ணு, இங்க ஏதாச்சும் கொறை இருக்குதா?"

"ஒரு கொறையும் இல்லீங்க சார். வாரம் ஒருநா லீவுங்க, ஓவர்டைம் கட்டாயமில்லீங்க."

அவருக்கு ரொம்பத் திருப்தி. மற்ற பள்ளிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மைக்கில் சொல்லி, நிதியைப் பக்கத்து வார்டுக்கு மாற்றிவிட்டு, எங்களுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு அறிவித்தார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, அவர்கள் பங்குக்கு வாசலில் வளைவு கட்டித் தருவதாகச் சொல்லிப் போனார்கள். அதற்குள் பொன்னுச்சாமி கதவைக் கழற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டார். கேட்டால், "ஆடிட்டுதான் பாஸாயிருச்சுங்களே மேடம்" என்கிறார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருகிறவர் திருப்தியாகத் திரும்பிப் போக வேண்டும் என்பதற்குத்தான் எனக்கும் சம்பளம். போன பிறகு என்ன நடக்கிறது என்று நானும் பார்த்ததில்லை. ஆகவே, சித்தப்பா, எம்.எல்.ஏ.வை இன்னொரு முறை யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் அழைத்துவாருங்கள். எனக்கும் சொல்லாதீர்கள்.

சித்திக்கு என் அன்பு. முருகன் துணையிருக்கட்டும், அவனிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சித்ராதேவி

பி.கு.: உறையை ஒட்டும் முன் தலைமையாசிரியை ஃபோன் செய்தார். ஸ்மார்ட் போர்டு கொடுக்க எம்.எல்.ஏ. வியாழக்கிழமை வருகிறாராம், அப்போது கழிப்பறையில் திடீர் ஆய்வும் உண்டாம், தயாராக இருக்கச் சொன்னார்களாம். இந்த முறை எதையும் தொடமாட்டோம் என்று வீட்டில் உறுதியாகச் சொன்னேன். தேஜஸ்ரீ, "கதவுகூட மாட்ட மாட்டீங்களாம்மா? போன தடவை அவர் வந்த அன்னிக்கு ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சேன்" என்றாள். பொன்னுச்சாமியிடம் கதவுக்கும் லாரித் தண்ணீருக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் எம்.எல்.ஏ.வைச் சொல்லாமல் அழைத்துவர வேண்டாம், சித்தப்பா. தினமும் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.