மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது பற்றி அக்காவுக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது. நீங்களும் அத்தானும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லாரும் சௌக்கியம். மனத்தளவில் என்னைத் தவிர எல்லாரும் சௌக்கியம்.

போன வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றீர்கள். "போன்ல உளறாதே, ஏன் நிறுத்தினீங்கன்னு எழுத்துல விளக்கம் குடு" என்றும் சொன்னீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கும் தலைமை ஆசிரியை நீங்கள். உங்கள் சொந்தத் தம்பி மகள் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்பது எத்தனை பெரிய தலைகுனிவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் கடை விடுமுறையான இன்று காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். விளக்கம் எனக்கே விளங்கவில்லை என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல்.

ஆரம்பம் இப்படி. வகுப்பு ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பி, உங்கள் பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை, காது கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். வீட்டில் அவள் வாயை மூட வைக்கத்தான் மருத்துவர் தேவைப்படும். காதைச் சோதித்ததில், பக்கத்து வீட்டில் கரண்டி விழுவதுகூட அவளுக்குக் கேட்கிறது என்று தெரிந்தது. அப்புறம் அவள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. நம் பெண் யோசித்துப் பதில் சொல்கிறவள். கொஞ்சநஞ்ச யோசனை இல்லை. ஆசிரியை கேள்வி கேட்டு, மற்ற பிள்ளைகள் கையைத் தூக்கி, பதிலும் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போன பிறகுதான் இவளுக்குப் பதில் பழுத்து வரும். ஒருநாள் கணக்கு வகுப்பின் நடுவில் எழுந்து நின்று "வேர்" என்றிருக்கிறாள். முந்தின நாள் அறிவியல் வகுப்பில் கேட்ட கேள்விக்கு அது பதில். சரியான பதிலும்கூட. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்று அவளுக்கு 'நேத்து' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அன்றே அவள் பேச்சும் நின்றுவிட்டது.

"இனிமே வீட்லயே படிக்கட்டும்" என்றாள் என் மனைவி. அந்த வாரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் தலையாட்டிவிட்டேன். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பள்ளி வாசலைத் தாண்டிய பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்பது எனக்கு உறைத்தது.

இதுவே காரணம் என்றால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் என் மனைவி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொன்னாள். மாடி வீட்டுக்காரரிடம், குழந்தைக்குப் படம் வரையும் திறமை இருக்கிறது, அதை வளர்க்கப் போகிறோம் என்றாள். தன் அம்மாவிடம், புத்தகப் பை சுமந்து சுமந்து முதுகு வளைகிறது என்றாள். அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் வரைந்து கொடுக்கிற கம்பெனியின் மேலாளரிடம் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடம் எது என்று குறித்து வைக்காத நான், மாடி வீட்டுக்காரரிடம் பையைச் சொல்லிவிட்டேன், மாமியாரிடம் படத்தைச் சொல்லிவிட்டேன். மாடி வீட்டுக்காரர் நல்ல மனிதர், சக்கரம் வைத்த பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதில் இப்போது காய்கறி வாங்கி வருகிறோம். மாமியார், எங்கே என்னை வரை பார்க்கலாம் என்று பேத்திக்கு முன்னால் உட்கார்ந்தார். அவளும் வரைந்தாள். மாமியார் இன்னும் எங்களோடு பேசவில்லை. ஏன் இப்படி ஆளுக்கொரு காரணம் சொல்கிறாய் என்று மனைவியைக் கேட்டேன். "அவளை என்னன்னு கூப்பிட்டாங்கன்னு ஊர்பூரா சொல்லணுமா?" என்றாள்.

என் குழப்பம் தெளியட்டும் என்று, வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் பூங்காவில் கூடும் இடத்துக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கே ஒருவர், பள்ளியில் கண்டிப்பு அதிகம், பிள்ளை தூக்கத்தில் புலம்பினான், நிறுத்திவிட்டோம் என்றார். பக்கத்தில் இருந்தவர், பள்ளியில் கண்டிப்பே இல்லை, அதனால் நிறுத்திவிட்டோம் என்றார். விசாரித்தால் இரண்டும் ஒரே பள்ளி. ஒரு செவிலியருக்கு ஓயாத இரவுப் பணியாம், பள்ளி நேரத்தில்தான் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியுமாம். இன்னொருவரின் மகனுக்கு மூச்சிரைப்பு. ஒரு பையன் வருடப் பாடத்தை முதல் மாதத்திலேயே முடித்துவிட்டு மீதி மாதமெல்லாம் பெஞ்சைச் சுரண்டியிருக்கிறான். அவன் முந்தி, நம் பெண் பிந்தி, இரண்டுக்கும் ஒரே மருந்து. எல்லாரும் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டார்கள். "நீங்க ஏன் நிறுத்தினீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். ஜவுளிக்கடையில் சொல்வது போல, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுப் படிப்பு எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நன்றாக நடக்கிறது, நாங்கள்தான் தடுக்கி விழுகிறோம். ஈரத்துணி எங்கே வைத்தால் சீக்கிரம் காயும் என்பது ஒரு பாடம். வெயிலில் ஒன்று, மின்விசிறிக்கு அடியில் ஒன்று, கட்டிலுக்குக் கீழே ஒன்று என்று துணிகளைப் பரப்பிவிட்டாள். என் கடைச் சீருடை குளிர்பெட்டியின் ஐஸ் தட்டில் கிடந்தது. எடுத்தபோது பலகை மாதிரி நின்றது. அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று வேலைக்குப் போனேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாடம் என்றேன்.

இன்னொரு நாள் மனைவிக்குக் கட்டடம் பார்க்கப் போகவேண்டி இருந்ததால், நம் பெண்ணை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். என் வேலை உங்களுக்குத் தெரியும், கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா அது தெளிவா என்று கேட்பது. ஒரு தையல்கார அம்மா வந்து உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையாம். எதைப் போட்டாலும் தயங்கினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஏதாவது ஒன்றைச் சீக்கிரம் சொல்லுங்கள் என்று நான் விரட்டியதில், முதலில் போட்டதே நல்லது என்றார். நான் அதையே சீட்டில் எழுதப் போனேன். மூலையில் முக்காலியில் இருந்த நம் பெண், "அப்பா, அவங்க பயந்து சொல்றாங்க. இன்னும் பாத்து முடிக்கலை" என்றாள். அந்த அம்மா சங்கடமாகச் சிரித்தார். "ஆமாப்பா, கொஞ்சம் பொறு" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஆற அமரப் பார்த்துவிட்டு, இரண்டாவதுதான் என்று அழுத்தமாகச் சொன்னார். ஊசியைக் கொடுத்தேன். ஒரே தடவையில் கோர்த்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், நம் பெண் சுவரில் இருந்த எழுத்துகளைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடம் எல்லாம் புரிந்துவிட்டது அக்கா. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல வாயெடுத்தபோது மறுபடி குழம்பிவிட்டது. ஆனாலும் ஒன்று உறுதி. மாதக் கடைசியில் உங்கள் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தோடு வருவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து படிவம் இல்லாமல் வாருங்கள். இது நாங்கள் இருவரும் தீர யோசித்து எடுத்த முடிவு, மாற்றமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் மூட்டுவலி குறைய வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும், முக்கியமாக எனக்கு, என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த தம்பி

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை நம் பெண்ணிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, "ஸ்கூல விட்டுடலாமான்னு அம்மா அன்னைக்குக் கேட்டாங்கல்ல? யோசிச்சு சொல்றேன்னுதான் சொன்னேன். அதுக்குள்ள நீங்களே நிறுத்திட்டீங்க" என்றாள். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சரி, இப்போது யோசித்துவிட்டாயா என்று மனைவி சின்னக் குரலில் கேட்டாள். "யோசிச்சிட்டேன். போறேன்" என்றாள். ஆகையால் மேலே எழுதிய எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் படிவத்தோடு வாருங்கள். பழைய பள்ளிக்கா, உங்கள் பள்ளிக்கா, வேறு எங்காவதா என்று கேட்டிருக்கிறோம். யோசித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.