பதின்மூன்று நிமிட ஊர்

அஜ்மான், நவம்பர் 12

சிரஞ்சீவி கௌரிசங்கருக்கு அத்திம்பேர் சீதாராமன் ஆசீர்வாதம். இங்கே உன் அக்கா ராதாவின் முழங்கால் தவிர அனைவரும் சௌக்கியம். அங்கே பனி தவிர எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

உங்கள் ஊர் மருத்துவமனையில் எங்கள் பெண் தன்யாவுக்கு பிசியோதெரபிஸ்ட் வேலை பார்த்துக் கொடுத்ததற்கு நன்றி. அவளை அனுப்புவதாக இல்லை. காரணம், எனக்கு நம்பிக்கை வரட்டும் என்று நீ அனுப்பிய ஊர்ப் புள்ளிவிவரப் பக்கம்தான். அதைக் காலையில் ஜெபல் அலிக்கு வேலைக்குப் போகும் கம்பெனி வண்டியில் உரக்கப் படித்தேன். மக்கள்தொகை 9,214, அதில் பெண்கள் 398 பேர் அதிகம் என்றதும், வண்டியோட்டும் ராமநாதபுரத்து அஸ்கர் அலி, "அந்த ஆம்பளைங்க எந்த நாட்டுக்கு சார் சம்பாதிக்கப் போயிருக்காங்க? எங்க ஊரும் இப்படித்தான்" என்றார். அடுத்து, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் 2,012 பேர். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த வெல்டர் அழகுமலை எழுந்தே விட்டான். "ரெண்டாயிரம் பெருசுங்களா! அத்தன பேருக்கும் யாருண்ணே கஃபீல்?" விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி யார் என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. இருபத்தேழு வருடத்தில் அந்த வயதில் நான் இங்கே பார்த்தது எங்கள் கட்டட உரிமையாளரையும், விசிட் விசாவில் வந்து மாலில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களையும்தான். ஆக, உங்கள் ஊரில் ஐந்தில் ஒருவர் விசா முடிந்தும் திரும்பிப் போகாதவர் என்று வண்டியில் ஒருமனதாக முடிவானது. வேலைக்குப் போய்ச்சேர சராசரி பதின்மூன்று நிமிடம் என்று படித்தபோது, "பதிமூணு நிமிசத்துல நாம ஷார்ஜாவையே தாண்ட மாட்டோம். ஃப்ராடு கம்பெனிண்ணே, பாப்பாவ அனுப்பாதீங்க" என்றான் அழகுமலை. மூன்றில் ஒரு வீட்டில் ஒரே ஆள் குடியிருப்பதை நான் வாசிக்கவே இல்லை. அவன் அறையில் எட்டுப் பேர்.

சாயங்காலம் தன்யாவிடம் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் அஜ்மானிலேயே பிறந்தவள், பொறுமையாகக் கேட்டாள். "அப்பா, அது நார்மல் டவுன். அங்கயே பொறந்து, வேலைக்குப் போயி, அங்கயே வயசாயிருக்கா. யாரும் போகச் சொல்லல, அவ்ளோதான்."

"ஏன்னா, அவ கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்கோளேன்" என்றாள் ராதா. அவள் எதையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். வரும் மார்ச்சில் எனக்கு அறுபது. விசாவைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனவே மருத்துவமனைக்கு வருத்தம் தெரிவித்துவிடு. குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. பனியில் வழுக்காமல் நட.

இப்படிக்கு,
சீதாராமன்

பி.கு.: இதைப் படித்துவிட்டு ராதா சொல்கிறாள், தன்யா போன திங்கட்கிழமையே சம்மதம் அனுப்பிவிட்டாளாம். உனக்கும் தெரியுமாம். போகட்டும். அந்த 2,012 பேரில் வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கியவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. விசாரித்து எழுது. அவசரமில்லை, மார்ச் வரை இங்கேதான் இருப்பேன்.